நான் என் கையால் எழுதிய ஒரே பக்கம்

தனிப்பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஒருவரை அவருக்கே தெரியாமல் கண்காணிப்பது எப்படி என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். மஃப்டியில் போ, கூட்டத்தோடு கலந்து நில், பேப்பர் படிக்கிற மாதிரி பாவனை செய் என்றார்கள். வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் உப்பளத்தை ஒட்டிய ஒரு ஊரில் முதல் நாள் நான் போய் இறங்கினேன். கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு, "சி.ஐ.டி. எல்லாம் எறங்குங்க! ஏட்டய்யா, பாத்து, படி வழுக்கும்" என்றார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வேட்டி கட்டியிருந்தேன், கதர்ச்சட்டை போட்டிருந்தேன், தோளில் துண்டும் கிடந்தது. காலில் மட்டும் இலாகா கொடுத்த பிரவுன் ஷூ. கழற்ற மறந்துவிட்டேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஒரு பிள்ளை சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தான். கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை. அதனால் இந்தப் பக்கம் எவன் இரண்டு கேன் டீசல் சேர்த்து வாங்கினாலும் எங்களுக்குத் தகவல் வரும்.

நான் கண்காணிக்க வேண்டியவர் பெயர் ஞானமுத்து. மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். மகன் சிங்கப்பூரில் வெல்டர். அவன் அனுப்பிய பணத்தில் வீட்டு முன்னறையில் ஒரு பூத் வைத்திருந்தார். மேலிடத்தின் கணக்கில் அவர் செய்த குற்றம் இரண்டு. ஒன்று, அந்த பூத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போன் போகிறது. இன்னொன்று, மனு. விசாரணைக்கென்று மீனவர் வீட்டுப் பையனை யாராவது கூட்டிப்போனால், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்தினீர்களா என்று கலெக்டருக்கு, டி.எஸ்.பி.க்கு, கோர்ட்டுக்கு முத்து முத்தான கையெழுத்தில் எழுதிவிடுவார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே மாவட்டத்தில் பாதிப் பேருக்கு நெஞ்சு கரிக்கும்.

"காலையில ஆறு மணியிலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் கண்ணுலேர்ந்து வெலகக் கூடாது. தெனம் நோட்டு எழுதணும்" என்றார் எங்கள் இன்ஸ்பெக்டர்.

எதிர்ப்பக்கம் பூவரச மரத்தடியில் நின்றேன். மூன்றாம் நாள் உச்சி வெயிலில் அவர் மனைவி எஸ்தர் அம்மா ஒரு சொம்பு மோரோடு சாலையைக் கடந்து வந்தார்.

"நீங்க மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னா அதுக்கும் இவர்தான் மனு எழுதணும். உள்ள வந்து உக்காந்தே பாருங்களேன்."

இப்படித்தான் நான் பூத்து பெஞ்சுக்கு வந்து சேர்ந்தேன். பத்து நாளில், அவர் குளிக்கப் போனால் பூத்தைப் பார்த்துக்கொள்கிற ஆளாகவும் ஆகிவிட்டேன். துபாய்க்குப் பேசுகிற அம்மாக்களிடம் கண்ணாடிக் கதவைத் தட்டி, "மீட்டர் ஓடுது பாருங்கம்மா, அழுகைய அப்புறம் வெச்சுக்கலாம்" என்று சொல்வது என் வேலை.

அடுத்த கூத்து நோட்டு. என் கையெழுத்து கோழி கிளறின குப்பை. இன்ஸ்பெக்டர் என் முகத்துக்கு நேராக நோட்டை ஆட்டி, "இதைக் கண்டுபிடிக்க ஒரு சி.ஐ.டி. தனியாப் போடணும்யா" என்று கத்திவிட்டு, அதை ஓரமாக எறிந்து புது நோட்டு ஒன்றைக் கொடுத்தார். அன்று சாயங்காலம் முழங்கால்மேல் நோட்டை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை ஞானமுத்து சார் பார்த்தார். முப்பத்தாறு வருஷம் நோட்டுத் திருத்திய கை சும்மா இருக்குமா?

"குடுங்க இப்படி" என்று வாங்கிக்கொண்டார்.

ஆக, அவரைப் பற்றிய ரகசிய அறிக்கையை அவரே எழுத ஆரம்பித்தார். சிரிக்காதீர்கள். என் சர்வீஸிலேயே ஒழுங்காக எழுதப்பட்ட நோட்டு அதுதான். 'காலை 6.10: கண்காணிப்புக்குரியவர் வேப்பங்குச்சியால் பல் துலக்கினார். 9.30: மீனவர் ஒருவருக்காக மனு எழுதினார், நகல் இணைப்பு. மாலை 5.20: டீக்கடையில் அரசாங்கத்தை ஏசினார்.'

"சார், சார், இந்தக் கடைசி வரிய விட்டுடுங்க" என்றேன்.

"ஏன் விடணும்? ஏசினேன்ல? என்ன சொல்லி ஏசினேன்னும் போடணும். நீங்க அப்ப தூங்கிட்டிருந்தீங்க, அதனால நான்தான் ஞாபகம் வெச்சு எழுதறேன்."

"உங்களப் பத்தி நீங்களே போட்டுக்குடுக்குறீங்களே சார்!"

"நீங்க என்னைப் பாக்கறது தப்புன்னு நான் சொல்லல ஏட்டய்யா. கரையோர ஊரு, நாடுன்னா பாக்கத்தான் வேணும். பாத்தத மட்டும் எழுதுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

இன்ஸ்பெக்டருக்கு ஒரே ஆச்சரியம். "என்னய்யா, திடீர்னு கையெழுத்து அச்சு மாதிரி ஆயிடுச்சு?" என்றார். "ரெட்டைக்கோடு நோட்டுல பழகுறேங்கய்யா" என்றேன். மற்ற ஏட்டுகளைக் கூப்பிட்டு என் நோட்டைக் காட்டி, பார்த்துக் கத்துக்குங்கடா என்றார்.

இப்படியே போயிருந்தால் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. ஆவணியில் என் மகள் வளர்மதிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீடு மயிலாடுதுறை. அங்கேயே ஒரு சின்ன மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை. லீவு கேட்டேன். மாற்று ஆள் கிடையாது, ஒரு நாள் கண்ணை எடுத்தாலும் உன் தலை உருளும் என்று சொல்லிவிட்டார் இன்ஸ்பெக்டர். நாகப்பட்டினம் போலீஸ் லைன் வீட்டில் என் மனைவி கமலா அதைக் கேட்டுவிட்டு ஆடித் தீர்த்தாள்.

"பொண்ணப் பெத்தவன் இல்லாம தட்டு மாத்தறதா? நீங்க வரலேன்னா உங்க யூனிஃபாரத்த நாற்காலியில உக்கார வெச்சு மாத்திடுவேன், ஆமா!"

நான் யோசித்தேன். ஆர்டர் என்ன சொல்கிறது? கண்ணிலிருந்து விலகக் கூடாது. சரி, விலகவில்லை. அவரையே கூட்டிக்கொண்டு போய்விட்டால்?

உலகத்தில் எந்த உளவுத்துறைக்கும் இந்த யோசனை வந்திருக்காது. அந்த வாரம் எஸ்தர் அம்மா தரங்கம்பாடியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். "தனியா என்ன சார் சமைச்சுக்கிட்டு, விருந்துக்கு வாங்க" என்று கூப்பிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சம்மதித்தார். "ஆனா சார், வெளியில மூச்சு விடக் கூடாது. அம்மாகிட்டகூடச் சொல்லிடாதீங்க. என் வேலை போயிடும்" என்றேன். "வாக்கு" என்று என் கையில் அடித்துக் கொடுத்தார்.

வீட்டையும் பூத்தையும் பூட்டிக்கொண்டு விடியற்காலை முதல் பஸ்ஸில் அவர் ஏறினார். யாரும் சேர்த்துப் பார்க்கக் கூடாதென்று நான் அடுத்த ஸ்டாப்பில் ஏறி, மூன்று சீட்டு பின்னால் உட்கார்ந்தேன். கடமை தவறவில்லை, பாருங்கள்.

மண்டபத்தில் "இவரு எங்க சார்" என்று அறிமுகம் செய்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அடேயப்பா, பெரிய ஆபீசரே வந்திருக்காரு, முன்னாடி நாற்காலி போடுங்கடா!" என்று பறந்தார். இல்லை, இவர் நான் கண்காணிக்கிற ஆசாமி என்று அந்த இடத்தில் சொல்லவா முடியும்? லக்னப் பத்திரிகை வாசிக்கிற நேரத்தில் தாய்மாமன் கண்ணாடியைக் காணவில்லை. ஆபீசரே வாசிக்கட்டும் என்று அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஞானமுத்து சார் எழுந்து தொண்டையைச் செருமினார். அவருக்கு ஒரு பழக்கம். எதை உரக்கப் படித்தாலும் வகுப்பில் டிக்டேஷன் கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை சொல்வார். "நிகழும் மங்களகரமான வருஷம்... நிகழும் மங்களகரமான வருஷம்... ஆவணி மாதம்... ஆவணி மாதம்..." கூட்டத்தில் இரண்டு பேர் தங்களை அறியாமல் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்கள். வீடியோக்காரன் லைட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பியதும் வழக்கம்போல நோட்டைத் திறந்தார். "கண்காணிப்பவருடன் மயிலாடுதுறை சென்றார்னு ஆரம்பிக்கட்டுமா?"

"ஐயையோ! வீட்டுலயே இருந்தார்னு எழுதுங்க சார்."

அவர் பேனாவை மூடினார். "என்னைப் பத்தி இத்தன நாள் ஒரு பொய் எழுதல. இது உங்க பொய். நீங்களே எழுதிக்குங்க."

எழுதினேன். 'நாள் முழுவதும் வீட்டிலேயே இருந்தார். விசேஷம் ஒன்றுமில்லை.' இதில் என்ன பெரிய பாவம் என்று நினைத்தேன். 'விசேஷம் ஒன்றுமில்லை' என்று எழுதாமல் நம் இலாகாவில் யாராவது பென்ஷன் வாங்கியிருக்கிறார்களா?

புரட்டாசி பாதியில் வேறொரு மாவட்டத்து ஜீப் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது. அதே ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் பக்கத்துக் கரையில் யாரோ படகில் டீசல் பீப்பாயும் பேட்டரியும் ஏற்றியிருக்கிறார்கள். பிடிபட்டவன் ஒருவன், கூட ஒரு ரிட்டயர்டு வாத்தியார் நின்றார் என்று சொல்லியிருக்கிறான். மனு எழுதுகிற வாத்தியார் என்றால் இவர்தானே என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாதுகாப்புச் சட்டத்தில் போடப்போவதாகப் பேச்சு. போட்டால் ஒரு வருஷம் விசாரணையே இல்லாமல் உள்ளே வைத்திருக்கலாம், ஜாமீன் கிடையாது. மனு போடலாம். ஆனால் ஊரில் மனு எழுதத் தெரிந்த ஒரே ஆள் உள்ளே இருக்கிறார்.

முதலில் நான் பயப்படவில்லை. என் நோட்டு இருக்கிறதே, அன்று வீட்டில் இருந்தார் என்று அதில் இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். அவர்கள் வந்து விசாரித்தார்கள். விடியற்காலை பஸ் ஸ்டாப்பில் அவர் பையோடு தனியாக நின்றதைப் பூக்காரம்மா பார்த்திருக்கிறாள். வீடும் பூத்தும் நாள் முழுக்கப் பூட்டிக் கிடந்ததாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நோட்டு வீட்டிலேயே இருந்தார் என்கிறது. வீடோ பூட்டிக் கிடந்தது. சந்தேகமாக இருந்த ஒன்றை என் ஒரு வரி நிச்சயமாக்கிவிட்டது.

அவரைக் கேட்டால், "அன்னைக்கு எங்க இருந்தேன்னு சொல்ல முடியாது. வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாராம். இதைவிடச் சந்தேகமான பதிலை ஒரு மனுஷன் யோசித்துக்கூடச் சொல்ல முடியாது.

பத்தாம் நாள் காலை இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மூன்று மணிக்கு நாகப்பட்டினத்தில் டி.எஸ்.பி. அம்மா முன்னால் நான் ஆஜராக வேண்டும். "ஒண்ணும் பயப்படாத. காலையிலயே கண்ணுல மண்ணத் தூவிட்டு ஓடிட்டாரு, பயத்துல வீட்டுல இருந்தார்னு எழுதிட்டேன்னு ஒரு ஸ்டேட்மெண்ட் குடுத்துரு. ஒரு இன்கிரிமெண்ட் போவும், வேலை நிக்கும். ஐப்பசியில பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்க. யோசிச்சுக்க" என்றார். கெட்ட மனுஷர் இல்லை அவர். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஸ்டேட்மெண்டைப் பாதி எழுதிவிட்டேன். அப்போது எஸ்தர் அம்மா ஸ்டேஷனுக்கு வந்தார்.

"எங்க போனீங்கன்னு நான் கேட்டதுக்கும் சொல்ல மாட்டேன்னுட்டாரு. நாப்பது வருஷத்துல எங்கிட்ட ஒண்ணும் மறைச்சதில்ல. ஏட்டய்யா, நீங்கதான அவரப் பாத்துக்கிட்டே இருந்தீங்க? அன்னைக்கு நீங்க பாத்தீங்களா, பாக்கலியா?"

அந்த அம்மா வெயிலில் கொண்டுவந்து கொடுத்த மோர் ஞாபகம் வந்தது. அவ்வளவு வெட்கம் நான் பட்டதில்லை. "பாத்தேம்மா" என்றேன். ஸ்டேட்மெண்டைக் கிழித்தேன். எஸ்தர் அம்மாவையே பூத்தைத் திறக்கச் சொல்லி, அங்கிருந்து லைன் வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டுக் கமலாவைக் கூப்பிட்டேன். நிச்சயதார்த்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு டி.எஸ்.பி. ஆபீசுக்கு வா என்றேன். விஷயத்தைச் சொன்னேன். மீட்டர் ஓடியது.

"சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா?" என்றாள்.

"தெரியத்தான் போவுது."

"அவர் வாய்தானே நம்ம பொண்ணு பேர வாசிச்சுது? கொண்டாரேன், வைங்க" என்றாள்.

டி.எஸ்.பி. அம்மா சின்ன வயசு, சிரிக்காத முகம். மேஜையில் என் நோட்டும், பக்கத்தில் ஞானமுத்து சாரின் பழைய மனு ஒன்றும் இருந்தன. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நோட்டு முழுக்க அச்சடிச்ச மாதிரி ஒரே எழுத்து. இந்த மனுவோட எழுத்து. இந்த ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் கோழி கிளறின மாதிரி இருக்கு?"

"அது ஒண்ணுதாங்கம்மா நான் எழுதினது. பொய்யும் அது ஒண்ணுதான்."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எங்கள் இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ரெட்டைக்கோடு நோட்டு ஞாபகம் வந்திருக்கும். கமலா மஞ்சள் பையிலிருந்து கேசட்டை எடுத்து வைத்தாள். வீடியோ கடையிலிருந்து டெக்கை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். சாரைத் தூக்கிப்போன அந்த மாவட்டத்து இன்ஸ்பெக்டரும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பிள்ளையார் படம், சினிமாப் பாட்டு, வானத்திலிருந்து கொட்டுகிற பூ. பிறகு ஒரு ரோஜாப்பூ சுழன்று சுழன்று வந்தது. அதற்குள் ஒரு மீசை.

"யாரது?" என்றார் டி.எஸ்.பி. அம்மா.

"நான்தாங்கம்மா."

அந்த மாவட்டத்துக்காரர் சட்டென்று திரையின் மூலையைக் காட்டினார். "தேதியப் பாருங்கம்மா. ஜனவரி ஒண்ணுன்னு ஓடுது!" வீடியோக்காரன், நாசமாய்ப் போகிறவன், கேமராவில் தேதியே வைக்கவில்லை. இந்தக் கேசட் எந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் பொருந்தும்.

அப்போது திரையில் ஞானமுத்து சார் எழுந்து தொண்டையைச் செருமினார். வருஷத்தை இரண்டு தடவை சொன்னார். ஆவணி மாதத்தை இரண்டு தடவை சொன்னார். தேதியை இரண்டு தடவை. "ஞாயிற்றுக்கிழமையாகிய இன்று... ஞாயிற்றுக்கிழமையாகிய இன்று... இங்கு கூடியிருக்கும் பெரியோர்கள் முன்னிலையில்..." டி.எஸ்.பி. அம்மா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "ரீவைண்ட் பண்ணுங்க" என்றார். மறுபடி இரண்டு தடவை.

கமலா முன்னால் வந்து, "இன்னும் கொஞ்சம் ஓட விட்டீங்கன்னா சாப்பாட்டுப் பந்தியிலயும் வருவாருங்கம்மா, ரெண்டாவது தடவ பாயசம் கேப்பாரு" என்றாள்.

மண்டபத்துக்கு ஆள் அனுப்பிச் சரிபார்த்தார்கள். "ஏட்டு, உங்கள சஸ்பெண்ட் பண்றதா, பாராட்டறதான்னு எனக்கே தெரியல" என்றார் டி.எஸ்.பி. அம்மா. "எதுவானாலும் ஐப்பசிக்கு அப்புறம் பண்ணுங்கம்மா" என்றேன். அவர் அப்படியே செய்தார். இரண்டு இன்கிரிமெண்ட் போயிற்று. சம்பந்தி வீட்டில் நானே போய்ச் சொன்னேன். தாய்மாமன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அன்னைக்கே நெனச்சேன். ஆபீசர்னா இவ்வளவு மரியாதையாப் பேச மாட்டாரேன்னு" என்றார். கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது.

உங்களுக்கு இப்போது டவர் இருக்கிறது, கேமரா இருக்கிறது. ஒரு ஆள் எங்கே நின்றான் என்று பொத்தானை அழுத்தினால் வந்துவிடுமாம். நல்லது. ஆனால் கடைசியில் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒரு வரி எழுதத்தான் வேண்டும். நாம் எழுதுகிற நோட்டு அவனைப் பிடிக்க மட்டும் இல்லை. அவன் குற்றவாளி இல்லையென்றால் அவனுக்கு இருக்கிற ஒரே சாட்சியும் அதுதான். அந்தச் சாட்சியை நான் ஒரு வேளை விருந்துக்கு விற்றேன்.

விலை என்னவென்று அவர் வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். பதினோராம் நாள் வந்தார். வலது கையில் துணிக்கட்டு. விரல்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"என்ன சார் இது?"

"கதவிடுக்குல மாட்டிக்கிச்சு."

"எந்தக் கதவு சார்?"

"பழைய கதவு ஏட்டய்யா" என்றார். எஸ்தர் அம்மா உள்ளே போய்விட்டார். அத்தனை நாளும் சார் சொல்லாமல் இருந்தது என் வேலைக்காக, என் பொண்ணு கல்யாணத்துக்காக. நான் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்?

அந்த வாரமே கண்காணிப்பை ரத்து செய்து ஆர்டர் வந்தது. சொல்லிக்கொண்டு போக பூத்துக்குப் போனேன். அவர் சந்தோஷப்படவில்லை. "அப்ப அடுத்த தடவ தூக்கிட்டுப் போனா, நான் எங்க இருந்தேன்னு யார் சொல்லுவா?" என்றார். ஒரு வெள்ளைத்தாளை இடது கையால் என் பக்கம் தள்ளினார். "எழுதுங்க."

டிக்டேஷன் மாதிரி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னார். 'ஐயா, என்னைக் கண்காணிப்பதை நிறுத்தியதாக அறிகிறேன். அரசு என்னைப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. பார்க்காமல் பிடித்துப் போவதில்தான் ஆட்சேபனை. ஆகவே, பார்த்ததை மட்டும் எழுதும் ஏட்டு ஒருவரை மீண்டும் நியமிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

என் கோழிக் கிளறலில் முழுவதையும் எழுதி அவர் முன்னால் வைத்தேன். எழுத்தைப் பார்த்து முகம் சுளித்தார், திருத்தச் சொல்லவில்லை. பேனாவை எடுத்துப் பார்த்தார். விரல் மடங்கவில்லை. மைப் பெட்டியை நான் திறந்து பிடித்தேன். ஊருக்கெல்லாம் எழுதக் கற்றுக்கொடுத்த தமிழ் வாத்தியார் கீழே கைநாட்டு வைத்தார்.